எத்தனை முறை விழித்தீர்கள்

ஐந்து ரோட்டு டாக்டர் கொடுத்த தாளில்
ஏழு நாள், ஏழு கட்டம்.
படுத்த நேரம். எழுந்த நேரம்.
இடையில் எத்தனை முறை விழித்தீர்கள்.
தூங்குகிறவள் அதை எப்படி எண்ணுவாள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
டோக்கன் முப்பத்திரண்டு உள்ளே வந்துவிட்டது.

திங்கள்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
சேலம் ஜங்ஷன், மூன்றாம் கவுண்ட்டர்.
ஈரோட்டுக்கு ரெண்டு, காட்பாடிக்கு ஒண்ணு,
சில்லறை இல்லையா, போன்ல போடட்டுமா.
மூன்றரைக்குக் கண் எரியும்போது
கண்ணாடி ஓட்டைக்கு அந்தப் பக்கம்
துண்டை விரித்து, பையைத் தலைக்கு வைத்து
வாய் பிளந்து தூங்குகிறார்கள் முப்பது பேர்.
டியூப்லைட், கொசு, மூன்று மொழியில் அறிவிப்பு,
எதுவும் அவர்களைத் தொடவில்லை.
நான் பொறாமைப்பட
மாதாமாதம் சம்பளம் தருகிறது ரயில்வே.

செவ்வாய்.
அம்மாபேட்டையில் பகல் என்றால் தறி.
பொதுச் சுவருக்கு அப்பால் எட்டு பவர்லூம்.
காதில் பஞ்சு, ஜன்னலில் கறுப்புத் துணி,
தலையணைக்குள் தடக் தடக்.
பதினொன்றுக்கு ஒரு வழியாகக் கண் சொருகும்.
பதினொன்றரைக்குக் கரண்ட் போகும்.
எட்டுத் தறியும் ஒரே நொடியில் நிற்க
திடுக்கிட்டு எழுந்து உட்கார்கிறேன்,
யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது போல.
தாளில் எழுதினேன்: ஒரு முறை.
காரணம்: அமைதி.

புதன்.
கனவிலும் க்யூ குறையவில்லை.
செத்துப்போன என் மாமியார் வரிசையில் வந்து
ஏற்காட்டுக்கு ஒரு டிக்கெட் என்கிறார்.
அங்கே ரயில் போகாது அத்தை.
போடச் சொல்லு, என்கிறார்.
விழித்தபோது தலையணை உறையின் நுனியை
நோட்டு எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

செங்கோடனுக்குத் தட்டுவடை செட்டுக் கடை.
பீட்ரூட் சிவப்பு நகத்தைவிட்டுப் போகாத கை.
அவன் கடை கட்டி வரும்போது
நான் கவுண்ட்டரில், இல்லையென்றால் தூக்கத்தில்.
கல்யாணமாகி ஆறு வருஷம்,
ஒரே மெத்தையை முறைவைத்துத் தேய்க்கிறோம்.
காலையில் நான் வந்து படுக்கையில்
அவன் பக்கம் இன்னும் சூடாக இருக்கும்.
சில நாள் அதற்குள் உருண்டு போய்த்தான் கண் மூடுவேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

வியாழன்.
படுக்கையில் போன் கூடாது.
மணி பார்க்க மட்டும்தான் எடுத்தேன்.
ஒன்றரை மணி நேரம் யாரோ ஒருத்தி
மாக்கல் சட்டியைப் பழக்குவதைப் பார்த்தேன்.
எங்கள் வீட்டில் மாக்கல் சட்டி இல்லை.

வெள்ளி, சனி:
பேனா கிடைக்கவில்லை.

ஞாயிறு.
அவன் கடைக்கு லீவு போட்டான், எனக்கு ஓய்வு நாள்,
தறிக்கும் ஓய்வு.
எட்டு மணிக்குச் சாப்பாடு, காபி கிடையாது,
இரண்டு போனும் அரிசி டிரம்முக்குள்.
பத்துக்கு விளக்கணைத்து
பரீட்சை ஹாலில் போல மல்லாந்து கிடந்தோம்.
அடுத்தவர் தூக்கம் கலையுமென்று
மூச்சையும் அளந்துதான் விட்டோம்.

தூங்கிட்டியா?
ம். தூங்கிட்டேன். நீ?
நானும்.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை.
ஒரு மணிக்கு மொட்டை மாடி,
ஒரு பாய், பொட்டலத்தில் மீந்த தட்டுவடை.
வடக்கே, இருட்டோடு இருட்டாய்ச் சேர்வராயன்.
அதில் ஒரே ஒரு லாரி
வெளிச்சத்தை இப்படியும் அப்படியும் மடித்துக்கொண்டு
கொண்டை ஊசிகளில் ஏறுகிறது.
அவனும் தூங்கல, என்றான் செங்கோடன்.
எட்டாவது வளைவு என்றேன்.
ஒன்பது என்றான்.
மரம் மறைத்தால் நிறுத்தி,
தெரிந்தால் மறுபடி எண்ணி,
பதிமூன்றா, பதினாலா,

லாரி மேலே போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
காலையில் என் கன்னத்தில் பாயின் கோடு,
அவன் தோளில் என் எச்சில்.

ஞாயிறு ஏன் காலியா இருக்கு என்பார் டாக்டர்.
தூங்கிட்டேன் சார் என்பேன்.